பாகும் பாக்சைட்டும்

குலோப்ஜாமூனுக்குப் பாகு காய்ச்சும்போது எங்கள் வீட்டில் இரண்டு காரியங்கள் நடக்கும். சர்க்கரைத் தண்ணீர் கொதி வந்ததும் அதில் ஒரு கரண்டி பால் ஊற்றுவார்கள். அழுக்கெல்லாம் திரண்டு நுரையாக மேலே வரும். அதை வழித்து எறிந்தால் பாகு கண்ணாடிபோலத் தெளிந்துவிடும். பிறகு, அடுப்பை அணைப்பதற்குச் சற்று முன்னால், அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்துவிடுவார்கள். பிழிய மறந்தால் மறுநாள் காலையில் பாத்திரத்தின் ஓரமெல்லாம் சர்க்கரை பூத்திருக்கும். ஜாமூனைக் கடித்தால் மணல்போல நறநறக்கும்.

சின்ன வயதில் எனக்கு இது பிடிபட்டதே இல்லை. அழுக்கை எடுக்கப் பாலைச் செலவழிக்கிறோம். எடுத்த கையோடு வேறொன்றைக் கொண்டுபோய்க் கலக்கிறோம். கேட்டால் "எலுமிச்சை விட்டால் பாகு உறையாது" என்பார்கள். உறையாது என்பது தெரிந்த கதை. ஏன் உறையாது?

எலுமிச்சையின் புளிப்பு, சூட்டில், சர்க்கரையில் கொஞ்சத்தை இரண்டாக உடைக்கிறது. உடைந்த துண்டுகள் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்ற சிறிய சர்க்கரைகள். பாதி முகம் சர்க்கரையைப் போலவே இருக்கும், மீதிப் பாதி இருக்காது. சர்க்கரை மூலக்கூறுகள் வரிசை கட்டி ஒன்றின்மேல் ஒன்று அடுக்க முனையும்போது, இந்த அரைகுறை உறவினர்கள் இடையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அடுக்கு அங்கேயே நிற்கிறது. ஆக, கண்ணுக்குத் தெரிந்த அழுக்கை எடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு அழுக்கை நாமே தயாரித்துக்கொள்கிறோம். ஜாமூன் மெத்தென்று இருப்பது அந்த இரண்டாவது அழுக்கின் தயவு.

பனங்கற்கண்டு காய்ச்சுபவருக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். அவருக்குப் பாகு உறைய வேண்டும், அதுவும் பெரிய பெரிய கட்டியாக. அதனால்தான் பதநீர்க் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவப்படுகிறது. கள்ளாகப் புளிக்காமல் காப்பது அதன் முதல் வேலை. புளித்தால் போதை மட்டும் ஏறுவதில்லை, சர்க்கரையும் இரண்டாக உடைந்துபோகும். உடைந்த பதநீரை எவ்வளவு காய்ச்சினாலும் பிசுபிசுப்புதான் மிஞ்சும், கல் கட்டாது. சுண்ணாம்பு காப்பாற்றிய பாகில் நூலைத் தொங்கவிட்டு, அசைக்காமல், ஒரு மாதத்துக்கும் மேல் விட்டுவைத்தால் நூலைப் பற்றிக்கொண்டு படிகம் வளர்கிறது.

பனையேறியும் சமையல்காரரும் அறிந்த இந்த விஷயம், பத்து மாடி உயரத் தொட்டிகளுக்குள் ஒரு பெரிய தொழிலையே ஆட்டிவைக்கிறது. நம் வீட்டு இட்லிப் பானையும் ஜன்னல் சட்டமும் மின்கம்பியும் அந்தத் தொட்டிகளின் வழியாகத்தான் வந்திருக்கின்றன.

சாயத்துக்காகப் பிறந்த முறை

அலுமினியம் நேரடியாகக் கிடைக்கும் உலோகம் அல்ல. பாக்சைட் என்ற செம்மண் நிறக் கல்லை வெட்டி, அதிலிருந்து அலுமினா என்ற வெள்ளைப் பொடியைப் பிரித்து, அந்தப் பொடியை உருகிய உப்பில் கரைத்து, மின்சாரம் பாய்ச்சினால்தான் உலோகம் வரும். நாலைந்து டன் பாக்சைட்டுக்கு ஏறக்குறைய 2 டன் அலுமினா, 2 டன் அலுமினாவுக்கு ஏறக்குறைய 1 டன் அலுமினியம். தமிழ்நாட்டுக்கும் இது அந்நியமில்லை. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டிலிருந்து, 1960களில் தொடங்கிப் பல ஆண்டுகள், மேட்டூரில் அலுமினியம் எடுத்தார்கள்.

கல்லிலிருந்து வெள்ளைப் பொடியைப் பிரிக்கும் முறையைக் கண்டவர் கார்ல் யோசஃப் பேயர், ஆஸ்திரிய வேதியியலர். 1880களின் கடைசியில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வேலை பார்த்தார். அவருக்கு அலுமினியம் முக்கியமாக இருக்கவில்லை. துணியில் சாயம் ஒட்டுவதற்குத் தேவைப்பட்ட அலுமினியச் சேர்மத்தை மலிவாகச் செய்துகொடுப்பதே அவருடைய வேலை. அதுவரை, அலுமினியம் கரைந்த காரக் கரைசலுக்குள் கரியமில வாயுவை ஊதி, கஞ்சிபோன்ற கூழாக அதை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூழை வடிகட்டுவது, உளுந்துமாவைத் துணியில் வடிகட்டுவது மாதிரி.

பேயர் இரண்டு விஷயங்களைக் கண்டுபிடித்தார். ஒன்று: பாக்சைட்டை எரிசோடாக் கரைசலில், அழுத்தத்துக்கு உட்படுத்திச் சூடாக்கினால் அலுமினியப் பகுதி மட்டும் கரைந்துவிடும், இரும்பும் மற்றதும் செஞ்சேறாக ஒதுங்கும். இரண்டு: அந்தத் தெளிந்த கரைசலை ஆறவைத்து, ஏற்கெனவே செய்த படிகப் பொடியில் கொஞ்சத்தைத் தூவிக் கலக்கினால், கூழுக்குப் பதிலாக நல்ல மணிமணியான படிகம் வரும், எளிதாக வடியும். தூவிய பொடியை விதைப்படிகம் என்கிறோம். பனங்கற்கண்டுக் கலயத்தில் நூல் செய்யும் வேலையை இங்கே விதை செய்கிறது.

வரும் படிகத்தின் பெயர் கிப்சைட். அலுமினியமும் நீரின் கூறுகளும் சேர்ந்த வெள்ளைத் தாது. ஆலைக்காரர்கள் அதை ஹைட்ரேட் என்பார்கள். அதைச் சுமார் 1,000 டிகிரியில் சுட்டு, நீரை ஓட்டினால் அலுமினா. உலகின் அலுமினா பெரும்பாலும் இன்றும் இப்படித்தான் வருகிறது.

நகத்தைவிட மெதுவாக

ஒரு கரைசல் தாங்கக்கூடியதைவிட அதிகமாகச் சுமந்துகொண்டு, இன்னும் இறக்கிவைக்காமல் நிற்கும் நிலையை மீத்தெவிட்டிய நிலை என்பார்கள். ஆறிய பாகு அப்படித்தான் நிற்கிறது. அலுமினியம் கரைந்த எரிசோடாவும் அப்படித்தான், ஆனால் பாகைவிடப் பிடிவாதம் அதிகம். விதை போடாவிட்டால் நாள் கணக்கில் அப்படியே நிற்கும். கரைசலில் ஒவ்வொரு அலுமினிய அணுவையும் நான்கு துணைகள் சூழ்ந்திருக்கின்றன. படிகத்துக்குள் நுழைய வேண்டுமானால் ஆறு துணைகள் வேண்டும். பழைய குடித்தனத்தைக் கலைத்துப் புதிதாக அமைத்துக்கொண்டு உள்ளே போவதற்கு நேரம் பிடிக்கிறது.

எவ்வளவு நேரம்? கிப்சைட் படிகம் மணிக்கு ஓரிரு மைக்ரான் வளரும், பல சமயம் அதைவிடக் குறைவாக. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் விரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளர்கிறது. அதாவது மணிக்குச் சுமார் 4 மைக்ரான். இந்தப் பிரம்மாண்டத் தொழிலின் இதயத்தில் நடக்கும் வேலை, நகம் வளரும் வேகத்தைக்கூட எட்டுவதில்லை!

அதனால்தான் தொட்டிகள் அவ்வளவு பெரிதாக, வரிசையாக நிற்கின்றன. 75 டிகிரியை ஒட்டிய சூட்டில் உள்ளே வரும் கரைசல், ஒன்றரை நாள், இரண்டு நாள் தொட்டி தொட்டியாக நகர்ந்து, 60 டிகிரிக்கும் கீழே ஆறி வெளியே போகும்போது, சுமந்துவந்ததில் ஏறக்குறைய பாதியைத்தான் இறக்கியிருக்கும். மீதிப் பாதியோடு அந்தக் கரைசல் மறுபடி பாக்சைட்டைக் கரைக்கப் போகிறது. இந்தச் சுற்று நிற்பதே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் வில்லன் இந்தச் சுற்றில்தான் கொழுக்கிறான்.

வரும் மணிகளின் அளவிலும் கறார் உண்டு. அலுமினியம் உருக்கும் ஆலைக்காரர் கேட்பது, மணல்போல ஓடும் பொடி. 45 மைக்ரானுக்குக் கீழான தூசு நூற்றில் பத்துக்கு மேல் இருந்தால் முகம் சுளிப்பார். தூசு காற்றில் பறக்கும், குழாயில் சரியாக ஓடாது, உருகிய உப்பில் நன்றாகக் கரையாமல் திரளும். அலுமினா ஆலைக்குள்ளேயே வடிகட்டியை அடைக்கும். ஒரு 80 மைக்ரான் மணியில் இருக்கும் பொருளை 20 மைக்ரான் துகள்களாக ஆக்கினால் 64 துகள்கள் வரும். ஒரே எடைதான், தலைவலி மட்டும் 64 மடங்கு.

கொத்தனார் தேடும் மூலை

படிகம் வளர்வதைச் சுவர் எழும்புவதாக எண்ணிக்கொள்ளலாம். ஒரு வரிசை முடிந்த தட்டையான மேற்பரப்பில் ஒற்றைச் செங்கல்லை வைத்தால், அடியில் மட்டும்தான் பிடிப்பு. தட்டினால் விழுந்துவிடும். பாதி கட்டிய வரிசையை ஒட்டி வைத்தால் அடியிலும் பக்கத்திலும் பிடிப்பு. வரிசை எங்கே நின்றிருக்கிறதோ அந்த மூலையில் வைத்தால் மூன்று பக்கமும் பிடிப்பு. கரைசலிலிருந்து வரும் மூலக்கூறு படிகத்தின் மேல் எங்கெங்கோ இறங்கி, உருண்டு, பல தடவை திரும்பிப் போய், கடைசியில் நிலைப்பது இந்த மூலையில்தான். வால்தர் கோசல், இவான் ஸ்ட்ரான்ஸ்கி இருவரும் 1920களின் கடைசியில் இந்தச் சித்திரத்தைத் தந்தார்கள். பாதி கட்டிய வரிசையின் விளிம்பைப் படிவிளிம்பு என்றும், அது நிற்கும் இடத்தைப் படிமூலை என்றும் இங்கே சொல்லிக்கொள்வோம்.

இப்போது மாசு எப்படி வேலை செய்கிறது என்பது விளங்கும். ஒரு படிகத்தின் மேற்பரப்பு முழுவதையும் அடைக்க நிறைய மாசு வேண்டும். படிமூலைகளை மட்டும் அடைக்கக் கொஞ்சம் போதும். கல்யாணப் பந்தலில் நூறு பேர் நடமாடினாலும் தாலி கட்டும் நேரத்தில் மணமேடைப் படியில் நாலு பேர் நின்றுவிட்டால் ஒருவராலும் மேலே ஏற முடியாது.

கிப்சைட்டுக்கு இப்படிப் படிமறிக்கும் பொருள்களில் பேர்போனது குளுக்கோனேட். குளுக்கோஸின் நெருங்கிய உறவு. அடுத்தடுத்து கைகளை நீட்டிக்கொண்டிருக்கும் மூலக்கூறு அது. அந்தக் கைகள் படிமூலையிலுள்ள அலுமினியத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கின்றன. அடுத்த செங்கல்லுக்கு இடமில்லை. கரைசலில் டன் கணக்கில் அலுமினியம் இருக்கும்போது, மிகச் சொற்பமான குளுக்கோனேட் வளர்ச்சியை ஏறக்குறைய நிறுத்திவிடும். இது தொழிற்சாலைக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், செடி கொடிகளின் நாரும் மாவும் சிதைந்து இந்த வகைப் பொருள்கள் உண்டாகும். இதில் ஒரு வேடிக்கை: செஞ்சேற்றைச் சீக்கிரம் படியவைக்க ஆலைக்காரர்களே ஒரு காலத்தில் மாவுப்பொருளை அள்ளிக் கொட்டினார்கள். பிறகு செயற்கைப் பொருள்களுக்கு மாறினார்கள்.

மூலையை அடைக்காமல், வெறுமனே மேற்பரப்பில் குச்சிபோல நட்டுக்கொண்டு நிற்கும் மாசுகளும் உண்டு. கப்ரேரா, வெர்மில்யா என்ற இருவர் 1958இல் இதை விளக்கினார்கள். தரையில் கொட்டிய தண்ணீர் பரவி வரும்போது குறுக்கே வரிசையாகக் கூழாங்கற்கள் இருந்தால், தண்ணீர் கற்களுக்கு நடுவே பிதுங்கிக்கொண்டு முன்னேறும். படிவிளிம்பும் அப்படித்தான் குச்சிகளுக்கிடையில் பிதுங்கும். பிதுங்கி வளைந்த விளிம்பில் பிடிப்பு குறைவு, மூலக்கூறுகள் கழன்று போய்விடும். குச்சிகள் மிகவும் நெருங்கி நின்றால் விளிம்பு அசையவே அசையாது. கரைசலில் சுமை அதிகமாக இருந்தால் முட்டிமோதி நுழைந்துவிடும், சுமை குறைவாக இருந்தால் தோற்கும். ஆகவே ஒரே அளவு மாசு முதல் தொட்டியில் பேசாமல் இருந்து, சுமையெல்லாம் இறங்கிய கடைசித் தொட்டியில் வாலாட்டும்.

சிறுநீரில் விளைந்த எண்முகம்

மாசு வேகத்தை மட்டும் மாற்றுவதில்லை, உருவத்தையும் மாற்றும். சோற்றுப்பு கனசதுரமாகப் படியும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். சிறுநீரிலிருந்து படியும் அதே உப்பு எட்டு முகம் கொண்ட படிகமாக வருகிறது என்று 1783இல் பிரான்ஸின் ரோமே த லீல் எழுதினார். காரணம் அதிலுள்ள யூரியா. உப்புக்குள் அது சேர்வதில்லை. சில முகங்களை மட்டும் பிடித்துக்கொண்டு அவற்றின் வளர்ச்சியைத் தாமதப்படுத்துகிறது. வேகமாக வளரும் முகங்கள் வளர்ந்து வளர்ந்து தாமே மறைந்துபோக, மெதுவாக வளர்ந்தவை மட்டும் படிகத்தின் முகங்களாக மிஞ்சுகின்றன. படிகத்தில் நாம் பார்ப்பது எப்போதும் பின்தங்கிய முகங்களைத்தான்.

சிறுநீர்ப் பேச்சை எடுத்தது காரணமாகத்தான். கொஞ்சம் பொறுங்கள்.

ஜாரா மரத்தின் வேர்

மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தை ஒட்டி டார்லிங் மலைத்தொடர் ஓடுகிறது. அதன்மேல் ஜாரா என்ற யூகலிப்டஸ் வகை மரக்காடு. காட்டுக்கு அடியில், சில மீட்டர் ஆழத்துக்குள்ளேயே பாக்சைட். அங்கிருந்து வெட்டிய கல்லைக் கரைக்க 1963இல் குவினானாவில் அல்கோவா நிறுவனம் ஒரு ஆலையைத் தொடங்கியது. பிறகு அதே வட்டாரத்தில் பிஞ்சாராவிலும் வாகரப்பிலும் ஆலைகள் எழுந்தன.

மேலாக இருக்கும் கல் என்றால் வெட்டுவது சுலபம். ஆனால் மேலாக இருக்கும் கல்லுக்குள் வேர் இருக்கும், மக்கிய இலை இருக்கும், மழைநீர் இறக்கிய மட்குச் சாறு இருக்கும். எடைக்கு எடை பார்த்தால் இந்தக் கரிமப் பொருளில் உள்ள கார்பன், கல்லில் 0.2 சதவீதம் என்ற அளவில்தான் இருக்கும். ஆயிரம் கிலோவுக்கு 2 கிலோ. யாரும் கவலைப்படாத அளவு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த மலைக் கல்லில் அலுமினா குறைவு, ஒரு டன் அலுமினாவுக்கு மூன்றரை டன் கல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதோடு வரும் கார்பன் 7 கிலோ. சூடான எரிசோடா இதைச் சும்மா விடாது. நாரையும் மட்கையும் துண்டு துண்டாக அரிந்து, பெரிய மூலக்கூறுகளைச் சிறியவையாக்கும். கரைசல் கடுங்காப்பி நிறத்துக்கு மாறும். சிதைவின் கடைசிப் படிகளில் ஒன்றில் பிறப்பது ஆக்சலேட். கீரையில் இருக்கும் அதே ஆக்சலேட். வந்த கார்பனில் இருபதில் ஒரு பங்குதான் ஆக்சலேட்டாக முடிகிறது என்று வைத்துக்கொண்டாலும் 350 கிராம் கார்பன். சோடாவோடு சேர்ந்து சோடியம் ஆக்சலேட்டாகும்போது அதன் எடை ஏறக்குறைய 2 கிலோ.

ஒரு டன்னுக்கு 2 கிலோ. ஆண்டுக்கு 10 லட்சம் டன் அலுமினா எடுக்கும் ஆலை, நாளொன்றுக்கு எடுப்பது 2,740 டன். அப்படியானால் நாளொன்றுக்குப் புதிதாக 5 டன்னுக்கு மேல் ஆக்சலேட் பிறக்கிறது.

இந்த ஐந்து டன் எங்கே போகும்? எங்கேயும் போகாது. கரைசல் சுற்றில் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று சொன்னேனே. வடைக்கடைச் சட்டியில் பழைய எண்ணெயோடு புது எண்ணெயைச் சேர்த்துச் சேர்த்துச் சுடுவதுபோல, நேற்றைய ஆக்சலேட்டின்மேல் இன்றையது ஏறும், அதன்மேல் நாளையது. வெளியேற்ற ஒரு வழி செய்யாதவரை ஏறிக்கொண்டே போய், கரைசல் தாங்கும் எல்லையைத் தொடும். செறிந்த எரிசோடாவுக்கோ ஆக்சலேட்டைத் தாங்கும் சக்தி குறைவு. ஆற ஆற இன்னும் குறைவு. ஆகவே அது விழும் இடம், கரைசல் ஆறும் இடமான படிகத் தொட்டிதான். விழக்கூடாத ஒரே இடத்தில்தான் போய் விழுகிறது.

ஊசி மழை

சோடியம் ஆக்சலேட் மணியாக விழுவதில்லை, ஊசியாக விழுகிறது. மெல்லிய, நீண்ட ஊசிகள், கோடிக்கணக்கில்.

மூன்று கெடுதல்கள் ஒரே நேரத்தில் நடக்கும். கிப்சைட் ஏற்கெனவே இருக்கும் மணிகளின்மேல் வளர்வதற்குப் பதில், ஊசியின் உடம்பில் புதிதாக முளைவிடத் தொடங்கும். ஒவ்வொரு புது முளையும் ஒரு தூசு. இருக்கும் அலுமினியத்தைப் பத்து மணிகள் பங்குபோட்ட இடத்தில் ஆயிரம் தூசுகள் பங்குபோட்டால் ஒன்றும் பெருக்காது. அடுத்து, சிறிய மணிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு பெரிதாவது இந்தத் தொட்டிகளில் முக்கியமான நிகழ்ச்சி. மணிக்கு ஒரு மைக்ரான் வளர்ச்சியை மட்டும் நம்பி யாரும் ஆலை நடத்த முடியாது. ஊசிகள் நடுவில் புகுந்து அந்த ஒட்டுதலைக் கெடுக்கின்றன. கடைசியாக, ஒட்டித் திரண்ட மணிக்குள்ளேயே ஊசி மாட்டிக்கொள்கிறது. சூளையில் சுடும்போது ஊசி சிதைந்து, அதன் இடத்தில் ஓட்டையும் சோடாவும் மிஞ்சும். ஓட்டை விழுந்த மணி சீக்கிரம் பொடியும். மிஞ்சிய சோடா அலுமினியம் உருக்கும் ஆலைக்குப் போய் அங்கே விலையுயர்ந்த ஃபுளோரைடு உப்பைத் தின்னும்.

இதைவிட விசித்திரம், இந்த மழை எப்போது பெய்யும் என்பது. தாங்கும் எல்லையைத் தாண்டிய பிறகும் ஆக்சலேட் உடனே விழுவதில்லை. கரைசலைக் காப்பி நிறமாக்கிய அந்தப் பெரிய மட்கு மூலக்கூறுகள் இருக்கின்றனவே, அவை ஆக்சலேட் முளைகளின்மேல் ஒட்டிக்கொண்டு வளரவிடாமல் தடுக்கின்றன. ஒரு மாசு இன்னொரு மாசை அடக்கி வைத்திருக்கிறது. ஆலைக்காரர், கரைசல் கறுத்துவிட்டதே என்று மட்கை மட்டும் சுத்தம் செய்தால், அதுவரை அடங்கியிருந்த ஆக்சலேட் கொட்டத் தொடங்கும். பாலை ஊற்றி அழுக்கெடுத்துவிட்டு எலுமிச்சை பிழிய மறந்தவரின் கதி.

"சுத்தம்" என்ற சொல்லை இந்தத் தொழிலில் தனியாகப் பயன்படுத்தக் கூடாது என்பது என் கட்சி. எந்த மாசு, எந்தத் தொட்டியில், எதன் படிமூலையில் என்று கேட்ட பிறகுதான் அது நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும்.

விழவைத்துப் பிடிப்பது

பல ஆலைகள் ஆக்சலேட்டோடு சண்டை போடுவதில்லை, அதற்கென ஒரு தனி இடம் ஒதுக்குகின்றன. சுற்றிலிருந்து கரைசலில் ஒரு பங்கைப் பிரித்து, ஆவியாக்கிச் செறிவேற்றி, ஆக்சலேட்டின் சொந்த ஊசிகளையே விதையாகப் போட்டு, அங்கேயே விழவைத்து வடிகட்டுகிறார்கள். பேயரின் தந்திரமேதான், பேயரின் எதிரிக்கு எதிராக. இன்னொரு வழி, விதைக்காகத் திரும்பிவரும் நுண்மணிகளைச் சுடுநீரில் அலசுவது. எரிசோடாவில் கரையாத ஆக்சலேட் வெந்நீரில் கரைந்துபோகும்.

எலுமிச்சை வழியும் உண்டு. படிக வளர்ச்சி மாற்றிகள் என்று விற்கப்படும் எண்ணெய்ப் பசையுள்ள கலவைகளைத் தொட்டியில் துளித்துளியாகச் சேர்ப்பார்கள். அவை ஆக்சலேட் விழுவதைத் தள்ளிப்போடும். விழுந்தாலும் ஊசியாக இல்லாமல் உருண்டைத் திரளாக விழவைக்கும். கிப்சைட் தூசுகளை ஒன்றோடொன்று ஒட்டவும் தூண்டும். மாசை மாசால் அடிப்பது.

பிடித்த ஆக்சலேட்டை என்ன செய்வது? எரிக்கலாம். சுண்ணாம்போடு சேர்த்துச் சோடாவை மீட்கலாம். குவினானாவில் இன்னொன்றும் செய்தார்கள்: பாக்டீரியாவுக்குத் தீனியாகப் போட்டார்கள். காரத்தைச் சகித்துக்கொண்டு ஆக்சலேட்டைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. ஜாரா மரம் காற்றிலிருந்து எடுத்த கார்பன், வேராகி, மட்காகி, ஊசியாகி, கடைசியில் தொட்டிப் பாக்டீரியாவின் வயிற்றுக்குள் போனது. அந்தக் குவினானா ஆலை 2024இல் அலுமினா எடுப்பதை நிறுத்திவிட்டது. பழைய ஆலை, மங்கிவரும் கல்லின் தரம், ஏறிய செலவு.

சிறுநீரகத்திலும் ஒரு தொட்டி

நம் உடம்பிலும் ஆக்சலேட் சுற்றுகிறது. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். அங்கும் கரைசல் மீத்தெவிட்டியதுதான். தண்ணீர் குறைவாகக் குடித்தால் இன்னும் செறியும். ஆனாலும் எல்லோருக்கும் கல் வருவதில்லை, ஏனென்றால் சிறுநீரில் சிட்ரேட் இருக்கிறது. எலுமிச்சையின் அமிலம் தரும் அதே சிட்ரேட். அது கால்சியத்தைப் பிடித்து வைக்கிறது, படிகத்தின் படிவிளிம்புகளிலும் போய் உட்கார்ந்து மறிக்கிறது. நம் குடலில் ஆக்சலேட்டை மட்டுமே தின்று வாழும் ஒரு பாக்டீரியாவும் உண்டு. குவினானாக்காரர்களுக்கு முன்னால் உடம்பு இந்த யோசனையை எட்டிவிட்டது.

2016இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஜெஃப்ரி ரைமர் குழுவினர், சிட்ரேட்டின் உறவான ஹைட்ராக்சிசிட்ரேட்டைக் கால்சியம் ஆக்சலேட் படிகத்தின்மேல் விட்டுப் பார்த்தார்கள். சில நிலைகளில் படிகம் வளராமல் நின்றது மட்டுமல்ல, கரையவும் தொடங்கியது. இந்தப் பொருள் கிடைக்கும் இடம் கொடம்புளி. கேரளத்து மீன்குழம்பிலும் குமரி மாவட்டத்து மீன்குழம்பிலும் கறுப்பாக மிதக்குமே, அதுதான். இதைப் படித்துவிட்டுக் கல் கரைக்கிறேன் என்று கொடம்புளியைக் கரைத்துக் குடிக்க வேண்டாம். ஆய்வகத் தட்டில் படிகம் கரைவது ஒன்று, ஆளுக்கு மருந்து கொடுப்பது வேறு. கல் இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

வீட்டில் செய்துபார்க்கத் தகுந்தது ஒன்று உண்டு. ஒரு பங்கு கொதிநீரில் மூன்று பங்கு சர்க்கரையைக் கரைத்து, அந்தப் பாகை இரண்டு கண்ணாடி டம்ளர்களில் பாதிப் பாதியாக ஊற்றுங்கள். கொதி பாகு கையில் பட்டால் சதையோடு வரும், பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். ஒரு டம்ளரில் மட்டும் இரண்டு மூன்று கரண்டி குளுக்கோஸ் பவுடரைக் கலந்து கரையவிடுங்கள். ஆறியதும் இரண்டிலும் ஒவ்வொரு நூலைத் தொங்கவிட்டு, மெல்லிய துணியால் மூடி, இரண்டு வாரம் கை வைக்காமல் விடுங்கள். நூலைத் தொங்கவிடும் முன் ஈரப்படுத்திச் சர்க்கரையில் புரட்டி, நன்றாகக் காயவைத்துக்கொள்ள வேண்டும். அந்த விதை இல்லாவிட்டால் எந்த டம்ளர் எதனால் பிந்தியது என்றே சொல்ல முடியாமல் போய்விடும்.